பாதியில் நின்ற ஒரு வரி

(பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல், 1995–98 செட்)

மலர்க் குழுவிலிருந்து போன் செய்த தம்பி ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். "சார், ஹாஸ்டல், மெஸ், ஸ்ட்ரைக் பத்தியெல்லாம் நிறையப் பேர் எழுதிட்டாங்க. நீங்க நம்ம கம்ப்யூட்டர் லேப் வரலாறு மாதிரி ஏதாச்சும் எழுதிக் கொடுங்க." லேப் வரலாறு முழுக்க எழுத நான் ஆளில்லை. அந்த லேபில் ஒரு மெஷின் எங்கெங்கே நின்றது, ஏன் நின்றது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அதைத் தேடிப் போனதில் கொஞ்சம் யூனிக்ஸ் வரலாறும் கிடைத்தது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். டெக்னிக்கலான இடங்களை இந்நாள் மாணவர்கள் பொறுமையாகப் படிக்கவும். என் செட்டுக்காரர்கள் தாண்டிக்கொள்ளலாம். அன்றைக்கும் அவர்கள் லேபுக்கு வந்தது ஏ.சி.க்காகத்தான்.

1997 ஆகஸ்ட். நாங்கள் மூன்றாம் ஆண்டு. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனால் 12 மெஷின்கள். 11 மெஷின் 386. எட்டாம் நம்பர் மட்டும் 486 டி.எக்ஸ்.4, 100 மெகாஹெர்ட்ஸ், 16 எம்.பி. மெமரி, 850 எம்.பி. ஹார்ட் டிஸ்க். அதில் உட்கார அடிதடி நடக்கும். சிலபஸில் 'யூனிக்ஸும் சி மொழியும்' என்று ஒரு பேப்பர் இருந்தது; கல்லூரியில் யூனிக்ஸ் ஓடும் மெஷின் ஒன்றுகூட இல்லை. கிரெப், பைப், ஃபோர்க் எல்லாம் கரும்பலகையிலேயே ஓடின. சார் சாக்பீஸால் கமாண்டை எழுதுவார், கீழே அவுட்புட்டையும் அவரே எழுதுவார். நாங்கள் நோட்டில் காப்பி பண்ணிக்கொள்வோம்.

வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15-லேயே பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. அதெல்லாம் மெட்ராஸ்காரர்களுக்கு. எங்களுக்கு வந்து சேர்ந்தது ஒரு ஆங்கிலக் கம்ப்யூட்டர் பத்திரிகையுடன் இலவசமாக வந்த லினக்ஸ் சி.டி. சீனியர் ஒருவர் அதைக் கொடுத்துவிட்டு, "யூனிக்ஸ் மாதிரியே இருக்கும்டா, காசு கிடையாது" என்றார்.

சொல்லப்போனால் மாதிரியேதான். 1969-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கென் தாம்ப்சன் ஒரு பி.டி.பி.-7 மெஷினில் ஆரம்பித்ததுதான் யூனிக்ஸ். டென்னிஸ் ரிட்சி சேர்ந்துகொண்டார். 1973-ல் அதை சி மொழியில் திரும்ப எழுதினார்கள். யூனிக்ஸின் உள்கட்டமைப்பை மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காக ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் என்ற பேராசிரியர் 1987-ல் மினிக்ஸ் என்ற சிறிய சிஸ்டத்தை எழுதினார். அதைத் தன் 386-ல் போட்டுப் பார்த்து, போதாது என்று 1991-ல் தானே ஒன்றை எழுத உட்கார்ந்தவர் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ். முதல் வெளியீட்டில் ஃபின்லாந்து கீபோர்டு மட்டும்தான் வேலை செய்யும். அவரும் நம்மைப் போலத்தான்: மோடத்துக்குப் போக வேண்டிய டயல் கமாண்டைத் தவறுதலாக ஹார்ட் டிஸ்க்குக்கே அனுப்பி, தன் மினிக்ஸைத் தானே அழித்துக்கொண்டார். இது எங்களுக்கு அன்று தெரிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏனென்றால் எங்களுக்கும் அதே கதி. லேப் அட்டெண்டர் அண்ணனைப் பிடித்தோம். பெயரைப் போட வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார், அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். டெம்பரரி வேலை, தொகுப்பூதியம், அடுத்த வருஷம் பெர்மனென்ட் ஆர்டர் வரும் என்று காத்திருந்தவர். "அண்ணே, ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை" என்று கெஞ்சினோம். சாவியோடு வந்தார். டவுன் கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து ஒரு சி.டி. டிரைவை அன்று மட்டும் வாங்கி வந்திருந்தோம். அண்ணனே கேபினெட்டைக் கழற்றிக் கேபிள் மாட்டிக் கொடுத்தார்.

முதல் ஆச்சரியம் டிஸ்க்கில். டாஸில் இருந்து பார்த்தால் எட்டாம் நம்பரில் 528 எம்.பி.தான். 850 கொடுத்த இடத்தில் 528 தெரிகிறதே என்று இரண்டு வருஷமாக யாரும் கேட்டதில்லை. லினக்ஸின் எஃப்டிஸ்க் புரோகிராமைப் போட்டால் முழு 850-ஐயும் காட்டியது. யாருக்கும் சொந்தமில்லாத 320 எம்.பி. நிலம்! பட்டா இல்லாத புறம்போக்கில் குடிசை போடுகிற மாதிரி லினக்ஸ் முழுவதையும் அங்கே கொண்டுபோய் வைத்தோம். கடைசியில் லைலோ என்கிற பூட் லோடரை நிறுவும்போது, சிலிண்டர் எண் பெரிதாக இருக்கிறது என்று ஒரு செய்தி வந்து மறுத்தது. பக்கத்தில் 'லீனியர்' என்று ஒரு பெட்டி. டிக் பண்ணிப் பார்த்தோம். செய்தி வரவில்லை. ஒழிந்தது என்று சந்தோஷப்பட்டோம்.

ரீஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரையில் இடது மூலையில் இரண்டே எழுத்து: 'எல்', 'ஐ'. அதற்கு மேல் ஒன்றுமில்லை. கீபோர்டு விளக்குகூட மாறவில்லை. ரீசெட் அடித்தால் மறுபடி எல், ஐ. லினக்ஸ் போகட்டும், டாஸும் வரவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு வாட்ச்மேன் விரட்டும்வரை எல்-ஐ-யையே பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முதலாம் ஆண்டு பிராக்டிகல்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, மெஷின் எப்படித் தொடங்குகிறது என்று சொல்லிவிடுகிறேன். சிஸ்டம் டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க்கைப் படிக்க ஒரு புரோகிராம் வேண்டும். அந்தப் புரோகிராமும் டிஸ்க்கில்தான் இருக்கிறது. பி.டி.பி.-11 காலத்தில் மெஷினின் முகப்பில் வரிசையாக ஸ்விட்சுகள் இருக்கும். மேலும் கீழும் தள்ளி, தொடக்கக் கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே மெமரியில் ஏற்றலாம். 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் இந்த வேலையை பயாஸ் செய்தது. டிஸ்க்கின் முதல் செக்டரை, அதாவது 512 பைட்டை, மெமரியில் ஏற்றிவிட்டு 'இனி உன் பாடு' என்று விலகிக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க் என்றால் அதிலும் 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, 2 பைட் அடையாளத்துக்கு. மிச்சம் 446 பைட். இந்தப் பாராவில் இருக்கும் எழுத்துகளுக்கே அது போதாது. அதற்குள் ஒரு புரோகிராம் எழுதி, அது அடுத்த பெரிய புரோகிராமைக் கண்டுபிடித்துக் கொண்டுவர வேண்டும்.

லைலோவை எழுதிய வெர்னர் அல்மெஸ்பெர்கர், 'டிஸ்க் படிக்க முடியவில்லை, காரணம் இது' என்று முழு வாக்கியம் எழுத இடமில்லாத அந்த இடத்தில் ஒரு காரியம் செய்தார். லைலோ என்ற பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளை நான்கு இடங்களில் அச்சடிக்க வைத்தார். ஒன்றுமே வரவில்லையென்றால் லைலோ ஏறவே இல்லை. 'எல்' மட்டும் வந்தால் முதல் கட்டம் ஓடுகிறது, இரண்டாம் கட்டத்தைப் படிக்க முடியவில்லை. 'எல், ஐ' என்றால் இரண்டாம் கட்டம் ஏறிவிட்டது, ஆனால் அதை ஓட்ட முடியவில்லை. 'எல், ஐ, எல்' என்றால் இரண்டாம் கட்டம் ஓடுகிறது, கெர்னல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற விவரப் பட்டியலைப் படிக்க முடியவில்லை. நாலும் வந்துவிட்டால் எல்லாம் ஏறியாயிற்று. மெஷின் நின்ற இடத்தில் இருக்கும் எழுத்தே நோயின் பெயர். நாங்கள் அதைப் பார்த்து மெஷின் திக்குகிறது என்று சிரித்தோம்.

'எல், ஐ'-க்கு லைலோவின் கையேடு இரண்டு காரணம் சொல்கிறது. அதில் ஒன்று, டிஸ்க்கின் அளவுக் கணக்கு பொருந்தாமை. எங்கள் கேஸ் அதுதான். பயாஸ் ஒரு செக்டரைக் கேட்கும்போது சிலிண்டர் எண்ணுக்கு 10 பிட், ஹெட் எண்ணுக்கு 8 பிட், செக்டருக்கு 6 பிட். டிஸ்க் தரப்பில் ஹெட்டுக்கு 4 பிட்தான். இரண்டு பேரும் ஒத்துப்போகும் இடம்: 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர். 512 பைட்டால் பெருக்கினால் 52,84,82,304 பைட். டாஸ் பார்த்த 528 எம்.பி. அதுதான்! பி.சி. வந்த காலத்தில் 10 எம்.பி. டிஸ்க்கே ஆடம்பரம், 1024 சிலிண்டர் யாருக்கும் குறையாகப் பட்டிருக்காது. எட்டாம் நம்பர் டிஸ்க்கில் 1,600-க்கும் மேல் சிலிண்டர். நாங்கள் குடிசை போட்ட புறம்போக்கு முழுக்க 1024-க்கு அந்தப் பக்கம். லினக்ஸ் ஓட ஆரம்பித்துவிட்டால் பயாஸைக் கேட்காமல் நேராக டிஸ்க்கிடம் பேசும், முழுவதும் தெரியும். ஓடத் தொடங்கும்வரை பயாஸ்தான் கை கொடுக்க வேண்டும். அதன் கை அவ்வளவு தூரம் எட்டாது. லைலோ இதைத்தான் சொன்னது. நாங்கள் ஒரு டிக் போட்டு அதன் வாயை அடைத்தோம்.

திங்கட்கிழமை நடந்ததை விரிவாக எழுத மனசு வரவில்லை. மெஷின் விற்ற கடையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். டாஸ் ஃபிளாப்பியைப் போட்டு 'எஃப்டிஸ்க்' கட்டளையில் எம்.பி.ஆர். என்ற சேர்க்கையைக் கொடுத்தார். முதல் செக்டரில் பழைய டாஸ் புரோகிராம் திரும்பி வந்தது, மெஷின் ஐந்து நிமிஷத்தில் எழுந்தது. அதோடு போயிருக்கலாம். "எங்க மெஷின்ல ஒரு குறையும் இல்ல சார். கண்டதையும் போட்டு டிஸ்க்கக் கெடுத்திருக்காங்க, எப்ப வேணா மறுபடி போகும்" என்று ஹெச்.ஓ.டி.யிடம் சொல்லிவிட்டுப் போனார். மாணவர்களுக்கு வசவு. அண்ணனுக்கு மெமோ: விடுமுறை நாளில் அனுமதியின்றி லேபைத் திறந்தது, கல்லூரிச் சொத்துக்குச் சேதம் விளைவித்தது, ஏழு நாளில் விளக்கம். முதல் குற்றச்சாட்டு உண்மை. இரண்டாவது நின்றுவிட்டால் பெர்மனென்ட் ஆர்டர் அவ்வளவுதான் என்று ஆபீஸ் கிளார்க் சொன்னாராம். அண்ணன் எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. "டிஸ்க் கெடலைன்னு காட்ட முடியுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

நேராக ஹெச்.ஓ.டி.யிடமே போனோம். அவர் கண்முன்னால், சனிக்கிழமை மதியம், ஒரு மணி நேரம் தந்தார். அதற்கு முன் ஒத்திகைக்கு வியாழன் மாலை அரை மணி நேரம், அதையும் தன் மேஜை எதிரிலேயே.

இந்த முறை டிஸ்க்கின் முதல் செக்டரைத் தொடுவதில்லை என்று சபதம். லோட்லின் என்று ஒரு சின்ன புரோகிராம் சி.டி.யில் இருந்தது. டாஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே லினக்ஸ் கெர்னலை மெமரியில் ஏற்றிக் கைமாற்றிவிடும். கெர்னல் ஃபைலை டாஸ் பகுதியில் வைத்தால் 1024 தகராறே இல்லை. வியாழன் மாலை அதை ஓட்டினோம். புள்ளிகள் வந்தன. 'அன்கம்ப்ரெஸிங் லினக்ஸ்' வந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு, அதை நாங்கள் தாண்டிவிட்டது அப்போது தெரியாது. பழைய 8086 சிப்பால் 1 எம்.பி.க்கு மேல் எண்ண முடியாது. மேலே போனால் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். சில பழைய புரோகிராம்கள் அந்தச் சுற்றலை நம்பியே இருந்தன. 1984-ல் ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. 286 சிப்போடு வந்தபோது, அவற்றுக்காக ஏ20 என்ற முகவரிக் கம்பியை மூடித் திறக்க ஒரு கதவு வைத்தார்கள். அந்தக் கதவின் தாழ்ப்பாளைக் கொண்டுபோய்க் கொடுத்தது கீபோர்டு கன்ட்ரோலர் சிப்பிடம்; அதில் ஒரு கால் காலியாக இருந்ததாம்! மெமரியைத் திறக்கக் கீபோர்டைக் கேட்க வேண்டும். அந்தக் கால லினக்ஸ், கதவு திறந்ததா என்று ஒரு எண்ணை எழுதிப் பார்க்கும். திறக்கவில்லையென்றால் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கும், முடிவே இல்லாமல், ஒரு எழுத்துகூட அச்சடிக்காமல். எத்தனை பேர் மௌனமான அந்தத் திரையைப் பார்த்து டிஸ்க்கையும் மெமரியையும் மாற்றினார்களோ! பின்னால் வந்த 2.4 வரிசையில்தான், ஏ20 பதில் சொல்லவில்லை என்று யாரோ ஒரு வரி சேர்த்தார்கள்.

எங்கள் மெஷினுக்கு வருவோம். கெர்னல் விரிந்தது. வேகத்தை அளந்து ஏறத்தாழ 50 போகோமிப்ஸ் என்றது. (போகஸ் என்பதிலிருந்து வந்த பெயர், இதை நம்பி மெஷின் வாங்காதே என்று பெயரிலேயே எச்சரிக்கை.) கணித கோப்ராசசர் சரியாக இணைந்திருக்கிறதா என்று பார்த்து ஓகே போட்டது. அடுத்து:

'செக்கிங் ஹெச்எல்டி இன்ஸ்ட்ரக்‌ஷன்...'

மூன்று புள்ளி. நின்றுவிட்டது.

ஹெச்.ஓ.டி. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "என்னப்பா, அந்த இன்ஜினியர் சொன்னது சரிதான் போலிருக்கே." அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் செட்டில் எதையும் நோட்டில் எழுதிவைக்கும் ஒரு பெண் இருந்தார். (அவரும் பெயர் வேண்டாம் என்கிறார். எல்லாருக்கும் இந்த வயதில் என்ன தன்னடக்கமோ!) அந்தக் கடைசி வரியை அப்படியே எழுதிக்கொண்டார். சி.டி.யில் ஹவ்டூ என்ற பெயரில் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு டெக்ஸ்ட் ஃபைல்கள் இருந்தன. நாங்கள் யாரும் திறந்ததில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க கம்ப்யூட்டர் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து அதைப் படித்தார். பால் கோர்ட்மேக்கர் எழுதிய பூட்பிராம்ப்ட் ஹவ்டூவில் இருந்தது: சில 486 டி.எக்ஸ்-100 சிப்புகளில், ஹெச்எல்டி கட்டளைக்குப் பிறகு ப்ராசசர் திரும்பி எழுவதில் நம்பகமில்லை. தொடங்கும்போது 'நோ-ஹெச்எல்டி' என்று சேர்த்துக் கொடுத்தால் கெர்னல் அந்தக் கட்டளையையே பயன்படுத்தாது.

ஹெச்எல்டி என்றால் ஹால்ட். 1978-ன் 8086-லிருந்தே உள்ள கட்டளை. வேலை இல்லை, அடுத்த இன்டரப்ட் வரும்வரை தூங்கு என்று ப்ராசசரிடம் சொல்வது. டாஸ் இதைச் சொல்வதில்லை. யாரும் கீயைத் தொடாவிட்டாலும் ப்ராசசரைச் செக்குமாடு போல் சுற்றவிட்டுக்கொண்டே இருக்கும். யூனிக்ஸ் மாதிரியான சிஸ்டம் வேலையில்லாதபோது தூங்கவைக்கும், சூடு குறையும். தூங்கினால் எழாத சிப்பை, தூங்கவே விடாத டாஸில் இரண்டு வருஷம் ஓட்டினால் குறை எப்படித் தெரியும்? கடை இன்ஜினியர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த இடத்தில் குறை இல்லை.

கெர்னல் செய்யும் சோதனை எளிமையானது. அடுத்தடுத்து நான்கு முறை தூங்கு என்கிறது. டைமர் வினாடிக்கு 100 முறை தட்டி எழுப்பும். நூற்றில் நான்கு பங்கு வினாடிக்குள் முடிந்து ஓகே வர வேண்டும். எனக்கு இன்றுவரை பிடித்த விஷயம், 'செக்கிங்' என்ற பாதி வரியைச் சோதனைக்கு முன்னாலும், 'ஓகே' என்ற மீதியைச் சோதனைக்குப் பின்னாலும் அச்சடிக்கிறார்கள் என்பதுதான். முழு வரியையும் கடைசியில் அடித்திருந்தால், செத்த மெஷினில் அந்த வரியே வந்திருக்காது. எழுதியவருக்குத் தெரியும், யாரோ ஒருவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார் என்று.

மல்டிக்ஸ் என்ற பெரிய சிஸ்டத்தில் வேலை பார்த்த டாம் வான் வ்ளெக் ஒரு சம்பவத்தை நினைவுகூர்ந்திருக்கிறார். தான் எழுதுவதில் பாதி, பிழையிலிருந்து மீள்வதற்கான கோடுதான் என்று டென்னிஸ் ரிட்சியிடம் சொன்னாராம். ரிட்சியோ, அதையெல்லாம் நாங்கள் விட்டுவிட்டோம், பிழை வந்தால் பேனிக் என்ற பகுதி மெஷினை நிறுத்திவிடும், திரும்ப பூட் பண்ணச் சொல்லி வராந்தாவில் சத்தம் போடுவோம் என்றாராம். பெல் லேப்ஸில் அது போதும். மெஷின் பக்கத்து அறையில், எழுதியவரே வராந்தாவில். லினக்ஸை எழுதியவர்களுக்கு அந்த வசதி இல்லை. முகம் தெரியாத கடைகளில் முகம் தெரியாதவர்கள் பூட்டிய பி.சி.க்களில் அது ஓட வேண்டியிருந்தது. அவர்களுக்கு அந்தப் பாதி வரிதான் வராந்தா.

சனிக்கிழமை. லோட்லின் கட்டளையின் கடைசியில் 'நோ-ஹெச்எல்டி' சேர்த்து என்டர் தட்டியது அண்ணன்தான். நாங்கள் தட்டச் சொன்னோம். புள்ளிகள், அன்கம்ப்ரெஸிங், போகோமிப்ஸ், 'செக்கிங் ஹெச்எல்டி இன்ஸ்ட்ரக்‌ஷன்... டிஸேபிள்ட்'. அடுத்த வரி வந்தது. அதற்கடுத்தது வந்தது. திரை உருண்டு மேலே ஓடி, கடைசியில் 'லாகின்' என்று நின்றது. டிஸ்க் முழுவதையும் ஒரு முறை படித்துக் காட்டினோம், ஒரு செக்டரிலும் பிழை இல்லை. ஹெச்.ஓ.டி. ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "850-ம் இருக்கா?" என்றார். "இருக்கு சார்." "அப்ப இத்தன நாள் நமக்கு 320 எம்.பி. தெரியவே இல்லையா?" என்றார். சேதம் என்ற வார்த்தையை மெமோவில் அடித்துவிட்டு இனிஷியல் போட்டார். அனுமதியின்றித் திறந்ததற்கு எச்சரிக்கை மட்டும் நின்றது. அண்ணனுக்கு ஆர்டர் 1998 ஜூனில் வந்தது. நாங்கள் கோர்ஸ் முடித்துப் போயிருந்தோம். அதற்குள் யூனிக்ஸ் பிராக்டிகல் எட்டாம் நம்பரில் நடக்க ஆரம்பித்திருந்தது, ஆறு பேருக்கு ஒரு கீபோர்டு.

லினக்ஸ் கெர்னலிலிருந்து 386 ஆதரவை 2013 பிப்ரவரியில் வந்த 3.8-ல் எடுத்துவிட்டார்கள். ஹெச்எல்டி சோதனையும் 'நோ-ஹெச்எல்டி'யும் அதே வருஷம் போயின. அப்படிப்பட்ட சிப் யாரிடமும் இல்லாதபோது வைத்திருப்பதில் அர்த்தமில்லை, நியாயம்தான்.

யாரிடமும் இல்லை என்று சொன்னேன். போன மாதம் அண்ணன் போனில், டிபார்ட்மெண்ட் ஸ்டோர் ரூமில் பழைய சார்ட் பேப்பர்களுக்குப் பின்னால் எட்டாம் நம்பர் இன்னும் இருக்கிறது என்றார். ரீயூனியன் அன்று ஓட்டிப் பார்க்கலாம் என்று இந்நாள் மாணவர்கள் சிலர் ஆசைப்படுகிறார்களாம். தம்பிகளே, தங்கைகளே, எடுத்தவுடன் கரண்டில் சொருகாதீர்கள். முதலில் மதர்போர்டில் பீப்பாய் வடிவ பாட்டரி இருக்கிறதா பாருங்கள். அந்தக் கால நிக்கல் காட்மியம் பாட்டரிகள் கசிந்து போர்டின் செப்புக் கோடுகளைத் தின்றுவிடும். கழற்றித் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். பாட்டரி இல்லாததால் பயாஸ் டிஸ்க்கை மறந்திருக்கும். சிலிண்டர், ஹெட், செக்டர் எண்கள் டிஸ்க்கின் மேல் லேபிளிலேயே அச்சாகியிருக்கும், பார்த்து எழுதுங்கள். கெர்னல் 2.0 வரிசையில் வேண்டும், புதியது உதவாது. கேபினெட்டின் வலது பக்கம் அண்ணன் கையெழுத்தில் ஒட்டிய சீட்டு மிச்சம் இருந்தால், என்ன டைப் செய்ய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. எங்கேயாவது நின்றால் ரீசெட்டைத் தொடாமல், கடைசி வரியை அப்படியே நோட்டில் எழுதி வையுங்கள். மாலை நான்கு மணிக்கு நான் வந்துவிடுவேன்.